ஊறுகாய் அடுக்கில் ஒரு சாஸ்

நகரத்து அங்காடி ஒன்றில் பாஸ்தா சாஸ் பாட்டில் ஒன்று இருந்தது. தக்காளி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, உப்பு ஆகியவற்றைத் தவிர அதனுள் வேறொன்றும் இல்லை. மாவு கலந்து கெட்டியாக்காததால் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. கையில் எடுத்தவர்களெல்லாம் கெட்டுப்போனதென்று எண்ணித் திரும்ப வைத்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் அதைக் கூடையில் போட்டுக்கொண்டு சற்றுத் தூரம் போனாள். பிறகு மனம் மாறி, ஊறுகாய் அடுக்கிலே விட்டுச் சென்றாள்.

"யாரப்பா நீ? தொக்கா?" என்றது ஆவக்காய் பாட்டில்.

"பாஸ்தா சாஸ். எண்ணெய் மிதப்பதால் என்னை யாரும் வாங்குவதில்லை."

"அட அசடே! இங்கே எண்ணெய் மிதந்தால்தான் மதிப்பு. லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நில். பொழுது சாய்வதற்குள் ஒரு வீடு கிடைத்துவிடும்."

சாஸுக்கு அது பிடிக்கவில்லை. தன் பெயரை இதுநாள்வரை பெருமையாகவே சுமந்திருந்தது. ஆனாலும், ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அதை விடவில்லை. மெல்லத் திரும்பி நின்றது.

சற்று நேரத்தில் பெரியவர் ஒருவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எண்ணெய் எப்படி நிற்கிறது பார்! இதுவல்லவா சரக்கு!" என்று மனைவியிடம் காட்டிவிட்டுக் கூடையில் வைத்தார்.

சாஸ் பூரித்துப்போனது. கூடைக்குள் பாஸ்தாவைத் தேடியது. தயிர் பாக்கெட்டும் அப்பளக் கட்டும்தான் இருந்தன.

"வாரும், ஊறுகாயாரே! உமக்காகத்தான் காத்திருந்தோம்" என்றது அப்பளம், வாய் நிறைய.

சாஸ் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தது. பிறகு, "வணக்கம்" என்று மட்டும் சொன்னது.