வெளியே போகத் தெரிந்த நாய்

கதவுக்குப் பின்னால் நின்று புருஷனை ஒட்டுக்கேட்பது அன்னம்மாவுக்கு இதுவே முதல் தடவை.

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக நேரம் இருந்தது. லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கம், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில், கந்தப்பன் நாய்க்கு முன்னால் குந்தியிருந்தான்.

அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மெதுவாக, கொஞ்சுகிற குரலில்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவன் தன்னிடம் ஒருநாளும் காட்டியதில்லை என்று நினைத்தபோது அன்னம்மாவுக்கு வயிறு எரிந்தது.

சந்தேகம் இந்த நாய் வந்த அன்றைக்கே முளைத்துவிட்டது.

சங்கக் கூட்டம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனவன், சாயங்காலம் சாக்குப்பைக்குள் இதைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அநாதையாகக் கிடந்ததாம். பார்க்கப் பாவமாக இருந்ததாம்.

தெருநாயைக் கண்டால் கல்லைத் தேடுகிற மனுஷன் இவன். இவனுக்கு எப்போதிருந்து பாவம் பார்க்க வந்தது?

தோட்டத்தில் புலி நடமாட்டம். நாயை ராத்திரியில் வெளியே கட்டினால் காலையில் கயிறுதான் மிஞ்சும். அதனால் தாங்கள் படுக்கிற காம்பராவுக்குள்தான் படுக்க வைக்க வேண்டும் என்றாகிவிட்டது. படுக்கிற இடத்தில் அசிங்கம் பண்ணாமல் அதைப் பழக்குகிற வேலை, வழக்கம்போல, அன்னம்மா தலையில் விழுந்தது.

அவளும் ஆயத்தமாகத்தான் இருந்தாள். மூலையில் விரிக்கக் கிழிந்த சாக்கு. அள்ளிப் போட அடுப்புச் சாம்பல். மிரட்டுவதற்கு ஒரு தேயிலைக் குச்சி.

ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

நாய் ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு படுத்திருந்தது. விடியும்போது கதவைப் பிறாண்டியது. வெளியே கூட்டிப்போனால், தானாகவே கான் ஓரத்துக்குப் போய் நின்று அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

பார்த்துக்கொண்டே நின்றது. அதட்டினாலும் தடவிக்கொடுத்தாலும் ஒரு சொட்டு விடவில்லை.

கந்தப்பன் கூட்டிப்போனால் மட்டும் காரியத்தை முடித்துக்கொண்டு வாலை ஆட்டியபடி வந்தது.

பஸ் ஸ்டாண்டு நாய்க்கு இவ்வளவு ஒழுக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரோ ஒருத்தி இதை வீட்டுக்குள் வைத்து, பொறுமையாக, ஆசையாகப் பழக்கியிருக்கிறாள். ஒருத்திதான். ஆம்பளை பழக்கிய நாயின் கழுத்தில் பவுடர் வாசம் அடிக்குமா?

"சங்கத்துல இப்ப நாய்க்குட்டியெல்லாம் குடுக்குறாங்களாக்கா?" என்று பக்கத்துக் காம்பரா காளியாயி கேட்டுவிட்டுச் சிரித்தாள். நேற்று மலையில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் அன்னம்மாவின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்றைக்கு ஒரு முடிவோடுதான் நிற்கிறாள். அவன் வாயிலிருந்து ஒரு பொம்பளை பேர் வந்தால் போதும். நோட்டன் பிரிட்ஜில் அண்ணன் வீடு இருக்கிறது. மத்தியானத்து பஸ்ஸுக்கே போய்விடுவாள். சமைப்பதும் துவைப்பதும் இனி அந்த மகாராணி பாடு.

கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள்.

"வட்டகொடை..." என்றான் கந்தப்பன் நாயிடம். "தலவாக்கலை... கொட்டகலை..."

அன்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அது அவளுடைய ரயில்.

மகள் சர்மிளா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அட்டைக்குப் பயந்து கான் ஓரத்தில் உட்காரவே மாட்டாள். உட்கார்ந்தாலும் காலையே பார்த்துக்கொண்டு அழுவாள். அவளுக்குப் பயத்தை மறக்கடிக்க அன்னம்மா ரயில் விடுவாள். ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லிக்கொண்டு போவாள். ஹட்டன் வந்ததும் எல்லாரும் இறங்க வேண்டும். பிள்ளை சிரித்துக்கொண்டே போய்விடும்.

அந்த ரயிலைத் தாயும் மகளும் தவிர வேறு யாரும் ஓட்டியதில்லை. இவன் அப்போதெல்லாம் கம்பளிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

அந்த சர்மிளாதான் அப்பன் வேண்டாம் என்றவனைக் கட்டிக்கொண்டு போனாள். இனி அவள் பேர் இந்தக் காம்பராவில் கேட்கக் கூடாது என்று இவன் ஊரைக் கூட்டிக் கத்தினான். அன்னம்மா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அழுவதைக்கூட தேயிலைக்குள் நின்றுதான் அழுதாள்.

நாயை யார் பழக்கியது என்று இனி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கக் கூட்டம் எங்கே நடக்கிறது என்றும்.

ஆறுதலாக இருந்தது. அதைவிடப் பொல்லாத கோபமாக இருந்தது. என்னை ஊமையாக்கிவிட்டு, தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நடுவுல சென் கிளேயர விட்டுட்டீங்க."

கந்தப்பன் எழுந்திருக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. கழுத்து மட்டும் தோளுக்குள் இறங்கியது.

நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஹட்டன்," என்றாள் அன்னம்மா.

நாய் காலை மடக்கி உட்கார்ந்தது. கானில் சத்தம் கேட்டது.

கேட்க ஆயிரம் இருந்தன. எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், என்னைக் கேட்டாளா. அவள் வாயில் வந்தது இதுதான்.

"இவ்வளவு ஆசையா பழக்கிட்டு, ஏன் குடுத்துவிட்டா?"

கந்தப்பன் கான் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஒத்த ரூமுதான், அன்னம். புள்ள வேற தவழ ஆரம்பிச்சிருச்சு."