ஓட எடுத்த நேரம்
மருத்துவமனை நடைகூடத்தில் மதிய வெயில் தரையோடு ஊர்ந்து வந்து அக்காவின் செருப்பைத் தொடுகிறது. அவள் மடியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. துடைத்ததையே மறுபடி துடைக்கிறாள். நான் பக்கத்து நாற்காலியில், மடிக்கணினியைத் திறந்து, புதிதாகப் படிக்கும் நிரல்மொழியில் ஒரு பாடத்தை ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு கோடிக்குள் இருக்கும் பகா எண்களையெல்லாம் கூட்டும் நிரல். எழுதியதைக் கணினி தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள, அதாவது கம்பைல் ஆக, நாற்பது நொடி. ஓட எடுத்த நேரம் பூஜ்யம். "பூஜ்யமா? பொய்க்கணக்கா இருக்கேடா," என்று எட்டிப் பார்க்கிறாள். "இல்லக்கா, கம்பைல் ஆகும்போதே விடையைப் போட்டு வச்சிருது. ஓடும்போது எடுத்து நீட்டுது, அவ்வளவுதான்." "பரீட்சைக்கு முன்னாடியே பிட் எழுதி வச்ச மாதிரியா? நீ அப்படி எழுதியும் காலேஜை முடிக்கலையே." அப்பாவை இங்கே சேர்த்த பதினோரு நாளில் முதல் தடவையாகச் சிரிக்கிறோம். கதவு திறக்கிறது. அப்பாவுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் இயந்திரத்தை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்கிறார். "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க." "எடுத்துடுங்க," என்கிறேன். டாக்டர் அக்காவைப் பார்க்கிறார். அவள் என்னைப் பார்க்கிறாள். "பெத்த அப்பாடா. ஒரு நொடி யோசிச்சியா? நெஞ்சா கல்லாடா அது?" அவள் பார்வை திரைக்கு இறங்குகிறது. அங்கே நாற்பது, அதன் கீழே பூஜ்யம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த விரல்கள் நிற்கின்றன. "இந்த விடையை எப்படா போட்டு வச்ச?" என்கிறாள்.