தில்லையம்மாளின் லண்டன்

படத்து வீட்டின் ஜன்னலில் இருந்த கொடியை ஆனந்தராஜ் அப்போதுதான் பார்த்தார். அதற்குள் படம் தில்லையம்மாள் கைக்குப் போய்விட்டது.

முப்பத்து நான்கு வருடம் கண்டக்டராக இருந்த கண். எழுபது பேர் நெருக்கியடிக்கும் வண்டியில், தும்மலை வைத்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்த கண். சுண்டுவிரல் நகம் அளவு அமெரிக்கக் கொடியைக் கோட்டை விட்டிருந்தது.

படத்தில் இருந்தது மகன் அஜித் குடியிருக்கும் தெரு. பாஸ்டனிலிருந்து போனில் அனுப்பியிருந்தான். அதை ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வந்து, பையன் லண்டனுக்கு மாறிவிட்டான் என்று மனைவியிடம் நீட்டியிருந்தார் ஆனந்தராஜ்.

வேறு வழியில்லை. மூன்று வருடம் முன்பு அஜித் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனில் சொன்னான். வரப்போகிறவளுக்கென்று பிள்ளையார்பாளையத்தில் சொல்லி நெய்த கூரைப்புடவை பீரோவிலேயே தங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தில்லையம்மாள் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, தெருவே பார்க்க, இனி அமெரிக்க மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். சுடர் பெருமாள் கோயில் கோபுரத்தைத் தொட்டது என்று ஆனந்தராஜ் இன்றும் சொல்வார்.

இப்போது மருமகள் தர்ஷினிக்கு ஏழாம் மாதம். தாயில்லாத பெண். பிரசவத்துக்குக் கூட இருக்க ஆளில்லை.

எப்போதோ எடுத்த பத்து வருட அமெரிக்க விசா இன்னும் உயிரோடு இருந்தது. சத்தியம்தான் குறுக்கே நின்றது.

அஜித்தான் பேச்சுவாக்கில் வழி காட்டினான். பார்க்கிறவர்கள் எல்லாம் இந்தத் தெரு லண்டன் மாதிரியே இருக்கிறது என்கிறார்களாம். செங்கல் வீடு, கல் பாவிய சந்து, கம்பத்தில் கேஸ் விளக்கு. பக்கத்து ஊர் கேம்பிரிட்ஜ். அந்த வட்டாரத்துக்கே நியூ இங்கிலாந்து என்று பெயர்.

ஆனந்தராஜுக்கு அது போதும். பழைய இங்கிலாந்து மழையில் ஒழுக ஆரம்பித்ததும், செங்கல் செங்கலாகப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றிப் போய்ப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லி, முக்கால்வாசி நம்பியும்விட்டார்.

தில்லையம்மாள் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இடது பக்கம் வண்டி ஓட்டவே நமக்கு வெள்ளக்காரன்தான் சொல்லிக் குடுத்தான்னு சொல்வீங்களே. அவன் ஊர்ல இன்னா வலது பக்கமா போய்க்கினு இருக்குது?"

ஆனந்தராஜ், டீசல் தீர்ந்த வண்டி மாதிரி ஒரு கணம் நின்றார்.

"குளிர் காலத்துல அப்படித்தாம்மா. வெயில் அந்தப் பக்கம்தான் விழுது."

"அப்படியா."

கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன் என்று படத்தோடு உள்ளே போனாள்.

தொலைந்தது. கண்ணாடி போட்டால் எறும்புக்கு எத்தனை மீசை என்று சொல்லிவிடுவாளே.

பீரோ கிறீச்சிட்டது. அந்தப் புடவையைத்தான் எடுக்கிறாள். விண்டுபோகக் கூடாதென்று மாதம் தவறாமல் மடிப்பு மாற்றி வைப்பாள். அந்த நாட்களில் சாம்பாரில் கூட உப்பு இருக்காது.

வெளியே வந்தபோது ஒரு கையில் புடவை, ஒரு கையில் படம்.

"இத பெட்டியில அடியில வைங்க. அத ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டுங்க. நான் எந்த ஊருக்குப் போறேன்னு தெருவுல நாலு பேர் பாக்கணும்."

இரண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆனந்தராஜ் பயந்துகொண்டே படத்தைப் பார்த்தார். செங்கல் வீடு இருந்தது. ஜன்னல் இருந்தது. கொடி இருந்த இடத்தில் வட்டமாக, சிவப்பாக, ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

நிமிர்ந்தார். தில்லையம்மாள் நிலைக்கண்ணாடி முன் நின்று, வெறும் நெற்றிக்குப் புதிதாக ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.