ஒடிந்த ஹேண்டில்பார்

"கை விளங்காமப் போறவன் எவன்யா அவன்? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

ஷெட்டுக்குள் நுழைந்தவர் கையிலிருந்ததை மேஜைமேல் வீசினார். ஸ்பானர்கள் துள்ளி விழுந்தன.

பைக் ஹேண்டில்பாரின் இடது பாதி. ஒரு முனையில் கைப்பிடி ரப்பர் அப்படியே இருந்தது. மறுமுனை, வண்டியோடு கவ்விப் பிடிக்கிற இடத்தில், சாக்பீஸ் மாதிரி ஒடிந்திருந்தது.

மெக்கானிக் எழுந்து நின்றார். வந்தவர் சாதாரண ஆள் இல்லை. பைக் உதிரிபாகங்களில் மொத்த வியாபாரி. சைக்கிளில் மூட்டை கட்டி விற்கத் தொடங்கி, பேரம் பேசிப் பேசியே மூன்று மாடி கட்டினவர். அவர் வேண்டாம் என்றால் இந்த ஷெட்டுக்கு ஒரு நட்டுகூட வராது.

"பாப்பாவுக்கு இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"எப்படி இருக்கும்? மணிக்கட்டு ரெண்டு இடத்துல போச்சு. சாயங்காலம் பிளேட் வைக்கறாங்க. எம்பொண்ணு பில்டிங் பிளான் வரையற கைய்யா அது! மறுபடி பென்சில் பிடிக்குமான்னு கேட்டா டாக்டர் விட்டத்தைப் பாக்கறார்."

"ஸ்பீட் பிரேக்கர்ல ஏறும்போது..."

"ஸ்பீட் பிரேக்கர்ல ஊரே ஏறி இறங்குது. எவனுக்காவது ஹேண்டில்பார் கையோட வந்திருக்கா? போல்ட்டை ஒழுங்கா முறுக்கினியா நீ?"

"அளவு பாத்துத்தாண்ணே முறுக்கினேன். ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, கேபிள் இழுக்குதான்னுகூடப் பாத்துட்டுத்தான் வண்டியைக் கொடுத்தேன்."

"அப்ப சரக்குதான் மோசம்." ஒடிந்த முனையை மெக்கானிக் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு! வெளியில கறுப்புப் பெயின்ட், பெரிய கம்பெனி ஸ்டிக்கர். உள்ளே வெறும் தகரம். இதை விக்கறவன் வீட்டுல பிள்ளைகுட்டி இருக்காதா? அடுத்த தெருக் கடையில வாங்கினேன்னு பாப்பா சொன்னா. அந்தச் சின்னக் கடைக்காரனை விடு. அவனுக்கு இதை சப்ளை பண்ணினவன் எவன்? உனக்குத் தெரியாம இருக்காது."

மெக்கானிக் கந்தல் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"விடுங்கண்ணே. முதல்ல ஆபரேஷன் முடியட்டும்."

"மறைக்கறியா? அவனோட நீயும் கூட்டா?"

"அண்ணே..."

"நாளைக்கு உன் ஷெட்டு திறக்காது, பாத்துக்க. மார்க்கெட் முழுக்கச் சொல்லிடுவேன். ஒரு பல்புகூட எவனும் உனக்குத் தர மாட்டான். சொல்றியா, இல்லையா?"

வேலையில் இருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மெக்கானிக் அவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர்கள் போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? இவ்வளவு பெரிய கடையைச் சொந்தமா வச்சிருக்கீங்க. பாப்பா ஏன் வெளியில போய் வாங்குச்சு?"

"நான்தான்யா சொன்னேன்! நம்ம கடைச் சரக்கு உனக்கு வேணாம்மா, வெளியில ஒரிஜினலாப் பாத்து வாங்கிக்கோன்னு, கேட்டதுக்கு மேலயே பணம் கொடுத்து அனுப்பினேன். பெத்த அப்பன் இவ்வளவு பாத்துப் பாத்து..."

வேகமாக வந்த பேச்சு பாதியில் நின்றது. தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"அது... வியாபாரம் வேற, வீடு வேற" என்றார். சத்தம் பாதியாக இறங்கியிருந்தது.

மெக்கானிக் பிளேடால் கைப்பிடி ரப்பரை நீளவாக்கில் கீறி உரித்தார். பைப்பின் நுனியை அவர் பக்கம் திருப்பினார்.

மூன்று புள்ளிகள். ஆணி வைத்துத் தட்டியவை.

வேறு கடைச் சரக்கைக் கொண்டுவந்து, 'உங்ககிட்டதான் வாங்கினேன், திருப்பி எடுத்துக்கங்க' என்று எவனும் தன் தலையில் கட்டிவிடக் கூடாதே என்று, தன் குடோனுக்கு வரும் ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் தன் கையாலேயே அவர் தட்டுகிற அடையாளம்.

அவர் கை எதையோ தேடியது. பழைய டயர் ஒன்று அகப்பட்டது. அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டும்போதே இதைப் பாத்தேண்ணே" என்றார் மெக்கானிக். "வேற சரக்கா இருந்தா கையில தூக்கிப் பாத்திருப்பேன், பெயின்டைச் சுரண்டிப் பாத்திருப்பேன். உங்க புள்ளி இருந்துச்சு. பெத்த பொண்ணுக்கு அப்பன் மட்டமாவா கொடுப்பார்னு கண்ணை மூடிக்கிட்டு மாட்டிட்டேன்."

வியாபாரி கேட்டார். "பாப்பாவுக்குத் தெரியுமா?"

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஏண்ணே ஒடிஞ்சுதுன்னு கேட்டுச்சு. நான்தான் போல்ட்டை அதிகமா முறுக்கிட்டேன் போலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வெளியே ஒரு பைக் வந்து நின்றது.

"மாஸ்டர், முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் காத்து! அவசரம்!"

கதவிடுக்கில் தெரிந்தது. பின்சீட்டில் பார்சல் பெட்டி கட்டிய ஒரு கூரியர்க்காரன். அதே கறுப்பு ஹேண்டில்பார், அதே ஸ்டிக்கர். இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

வியாபாரி தலையைக் குனிந்துகொண்டார். "நீயே போய் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுடேன்ப்பா."

அப்போதுதான் முதல்முறையாக மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது.

"உங்களுக்காகப் பாப்பாகிட்ட ஒரு பொய் சொன்னேன். இன்னொண்ணு சொல்ல மாட்டேன். ஸ்பானரை எடுங்க. அவன் கிளம்பறதுக்குள்ள போய், இதை வித்தது யாருன்னு உங்க வாயால சொல்லிட்டு, உங்க கையால கழட்டுங்க!"