பதிலுக்குப் பிறகு கேள்வி

ஒளியை முந்தும் டாக்கியான் போனில் பதில்தான் முதலில் வரும். கேள்வியை நான்கு நிமிடம் கழித்துக் கேட்டால் போதும்.

மார்த்தாண்டத்தில் வில்பிரட் தினமும் காலையில் அதன் முன் உட்காருவார். சனிக்கிரகத்து நிலவொன்றில் வேலை பார்க்கும் மகள் ஜெனிஷாவோடு சண்டை. நாற்பது நாளாகப் பதில் வரவில்லை. அதனால் அவரும் எதுவும் கேட்காமல் எழுந்துவிடுவார்.

"நீங்க கேக்கவே போறதில்லன்னா பதிலு எங்கேருந்து வரும்?" என்றாள் மனைவி ரோஸ்லின்.

அவருக்குச் சுரீரென்றது. பதில் வராவிட்டாலும் இன்று கேட்டே தீருவது என்று முடிவு செய்தார்.

வாயைக்கூடத் திறக்கவில்லை, போன் பேசியது.

"சாப்பிட்டேம்ப்பா. நீங்க?"

சட்டென்று எழுந்து நின்றார் வில்பிரட். நான்கு நிமிடமும் அப்படியே நின்றிருந்து, பிறகு குனிந்து கேட்டார்:

"சாப்பிட்டியா, மக்ளே?"