கொட்டைக்குள் வண்டு

"ஐயோ, வெட்டாதீங்க சார்! ஒவ்வொண்ணையும் புள்ளை மாதிரி பொத்திப் பொத்திக் கொண்டாந்தேன்!"

ரத்தினம்மா போட்ட கூச்சலில் தஞ்சோங் பகார் துறைமுகக் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. நாகப்பட்டினத்துக் கப்பலிலிருந்து இறங்கி அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய இரண்டு கூடை பச்சை மாங்காயும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டன.

நீதிபதி, பயிர்ப் பரிசோதகர் சுப்பிரமணியம். 1958ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மரம் மட்டையெல்லாம் பூச்சி அரிக்காமல் நிற்பதற்குத் தாம் ஒருவரே காரணம் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரே ஒரு குறைதான். பதினோரு வருடச் சேவையில் அவர் ஒரு பூச்சியைக்கூடப் பிடித்ததில்லை. "அந்தப் பூதக்கண்ணாடி எதுக்கு, பேப்பர் படிக்கவா?" என்று மேலதிகாரி போன வாரம்தான் கேட்டிருந்தார்.

"மாங்கொட்டை வண்டுன்னு ஒண்ணு இருக்கும்மா. வெளியே பார்த்தா காய் பளபளன்னு இருக்கும், அது கொட்டைக்குள்ள குடித்தனம் நடத்தும். இங்க இறங்கிட்டா இந்தத் தீவுல ஒரு மாங்கொட்டை உருப்படாது. ஊர்ல ஆபீசர் பார்த்து சீல் வெச்ச சர்ட்டிபிகேட் இருக்கா?"

ரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "ஞாயித்துக்கிழமை அக்கா மகளுக்குக் கல்யாணம் சார். சிராங்கூன் ரோட்ல பந்தி. முந்நூறு பேரு வராங்க. நான் என்ன செய்வேன்!"

அழுகையையே 'இல்லை' என்ற பதிலாக எடுத்துக்கொண்டார் சுப்பிரமணியம்.

சட்டப்படி கூடைக்குப் பத்துக் காய் பார்த்தால் போதும். கூலியாள் ஒருவரிடம் பாராங் கத்தியை வாங்கி, கொட்டையோடு சேர்த்து ஓங்கிப் பிளந்தார். இருபது காயிலும் வெள்ளை வெளேரென்று பருப்புதான் இருந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"சரி, மிச்சத்தை எடுத்துட்டுப் போங்க" என்றார், சுரத்தே இல்லாமல்.

ரத்தினம்மா நகரவில்லை. "கப்பல்ல வரும்போது கூடைக்கு அடியில ஒரு காய்ல கொறகொறன்னு ஏதோ சத்தம் கேட்டுச்சு சார். எந்தக் காய்னுதான் தெரியல. சர்க்கார் ஆளுகிட்ட மறைக்கப் பயமா இருக்கு."

சுப்பிரமணியத்தின் மனக்கண்ணில் வண்டு தெரிந்தது. வண்டுக்குப் பக்கத்தில் பதவி உயர்வு. அதற்கும் பக்கத்தில், நாளிதழில் தம்முடைய புகைப்படம். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அதன்பிறகு அவர் வெட்டிய வெட்டு, போர்க்களத்தில்கூட எவனும் வெட்டியிருக்க மாட்டான். கொட்டைகள் வைரம் பாய்ந்து கிடந்தன. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியது, சட்டை முதுகோடு ஒட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் ரத்தினம்மா "ஐயோ" என்றாள். அழுகைக்கு நடுவிலும் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, துண்டு மண்ணில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டா வெட்டினா எப்படி சார் தெரியும்? அந்தச் சனியன் ஓரமாப் பதுங்கியிருந்தா? குறுக்க இன்னொரு வெட்டு போட்டுப் பாருங்களேன்."

அவருக்கே தோன்றாத யோசனை. பொதுமக்கள் என்றால் இப்படியல்லவா ஒத்துழைக்க வேண்டும்! முதலில் வெட்டிய இருபதையும் எடுத்து, குறுக்கே ஒரு போடு போட்டார்.

மத்தியானச் சங்கு ஊதியபோது இருநூறு காயும் நாலு நாலு துண்டாகக் கிடந்தன. வண்டு இல்லை. வண்டின் ஒரு கால்கூட இல்லை.

சுப்பிரமணியத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்யாண வீட்டுக் காயை இப்படிக் கொத்திப் போட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். பதினோரு வருடத்தில் அவர் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

"பரவாயில்ல சார், உங்க கடமை" என்று பெருந்தன்மையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ரத்தினம்மா, வேட்டியை மூட்டையாகக் கட்டக் குனிந்தாள். அவள் இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்று நழுவி விழுந்தது.

சுப்பிரமணியம் எடுத்துப் பிரித்தார். நாகப்பட்டினத்து அதிகாரியின் கையெழுத்து. சிவப்பு முத்திரை. மாங்காய் இருநூறு, பூச்சி ஏதுமில்லை.

"என்னம்மா இது! முதல்லயே இதைக் காட்டியிருந்தா நான் ஒரு காயைக்கூடத் தொட்டிருக்க மாட்டேனே!"

ரத்தினம்மா காகிதத்தை வாங்கி மறுபடியும் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

"அப்புறம் ஊறுகாய்க்கு யாரு சார் வெட்டுறது?"