சுமைகூலி

"மலேசியா முழுக்க டெலிவரி இலவசம்னு எந்தப் புத்திசாலி போட்டது?" என்று கேட்டாள் வாசுகி.

அந்தப் புத்திசாலி, அவள் கணவன் ரூபேந்திரன், தலையைச் சொறிந்தான். ஜொகூரின் கெலாங் பாத்தாவில் வீட்டிலிருந்தபடியே வாசுகி ஊறுகாய் விற்க, ஆப்பில் கடை திறந்து கொடுத்தவன் அவன்தான். ஜொகூர், பினாங்கு என்று கணக்குப் போட்டவன், கடல் தாண்டி இருக்கும் சரவாக்கும் மலேசியாதான் என்பதை மறந்துவிட்டான்.

முதல் பெரிய ஆர்டரே கூச்சிங்கிலிருந்து வந்தது. கிறிஸ்டின் என்ற அம்மா, மகள் நிச்சயதார்த்தத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க முப்பது பாட்டில் மாங்காய் ஊறுகாய் கேட்டிருந்தார். வாசுகி கையிலிருந்த காசையெல்லாம் மாங்காயிலும் நல்லெண்ணெயிலும் போட்டு, பாட்டிலில் அடைத்தும் விட்டாள்.

கூரியர் கடையில் பெட்டியை எடை போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! பெட்டியை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள்.

"பிளைட்ல அனுப்பினா நாம அவுட். கப்பல்ல அனுப்பினா சீப்பு, ஆனா நிச்சயதார்த்தம் முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேரும்" என்றான் ரூபேந்திரன்.

"நாமளே கேன்சல் பண்ணிடலாமாங்க?"

"அலமாக், வேணாம் லா! விக்கிறவங்க கேன்சல் பண்ணா கடைக்குக் கறுப்புப் புள்ளி. ஊறுகாய் கெட்டுப்போச்சுன்னு சொல்லு, அவங்களே கேன்சல் பண்ணிடுவாங்க."

"சாப்பாட்டுப் பொருள் விக்கிறவ வாயால கெட்டுப்போச்சுன்னு சொல்லுவேனா?"

வாசுகி உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். 'அக்கா, தப்பு எங்க மேலதான். சரவாக் போஸ்டேஜ் பார்க்காம இலவசம்னு போட்டுட்டோம். கப்பல்ல அனுப்பவா? கொஞ்சம் லேட்டாகும்.'

பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் 'வாடிக்கையாளர் ஆர்டரைக் கேன்சல் செய்துவிட்டார்' என்ற அறிவிப்புதான் வந்தது.

"பார்த்தியா? உண்மை பேசினதுக்குப் பரிசு!" என்று குதித்தான் ரூபேந்திரன். "ஒரு வார்த்தை சொல்லாம கேன்சல் பண்றாங்களே, இவங்கல்லாம் மனுஷங்களா?"

அதோடு விடவில்லை. அந்தக் கோபத்திலேயே கிறிஸ்டினை ப்ளாக்கும் செய்தான்.

அடுக்கி வைத்த பாட்டில்களைப் பார்க்கப் பார்க்க வாசுகிக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் மாலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

"வாசுகி அக்கா வீடுதானே? நான் டாரில். கூச்சிங் கிறிஸ்டின் என் அத்தை. ஆப்ல உங்க கடைப் பேஜ்ல இருந்த அட்ரஸை வச்சு வந்தேன்."

ரூபேந்திரன் முகம் இறுகியது.

"சிங்கப்பூர்ல வேலை செய்றேன்க்கா. நிச்சயதார்த்தத்துக்கு நாளைக்கு செனாய் ஏர்போர்ட்ல பிளைட் ஏறுறேன். பேக்ல துணிக்கு இடம் இல்லன்னாலும் பரவாயில்ல, ஊறுகாய் வந்தாகணும்னுட்டாங்க அத்தை. இந்தாங்க, முப்பது பாட்டிலுக்கும் காசு."

"உங்க அத்தை நல்லா இருக்கணும் தம்பி" என்ற வாசுகி, உள்ளே ஓடிப்போய் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டிலும் சேர்த்து எடுத்து வந்தாள்.

ரூபேந்திரனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எல்லாம் சரி தம்பி. இதை முன்னாடியே ஒரு மெசேஜ்ல சொல்லியிருக்கலாமே?"

"அனுப்பிக்கிட்டேதான் இருந்தாங்களாம் அண்ணே. ஒண்ணுகூடப் போகலையாம்."

ரூபேந்திரன் கைப்பேசியை மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"அப்போ எதுக்கு தம்பி அவசரமா கேன்சல் பண்ணாங்க?" என்று கேட்டாள் வாசுகி.

"ஆர்டர் அப்படியே இருந்தா நீங்க நட்டப்பட்டாவது அனுப்பியாகணும். நீங்க கேன்சல் பண்ணா புதுக் கடைக்குப் பேர் கெட்டுடும். 'உண்மை பேசுற பொண்ணு, அதுக்கு முன்னாடி நானே கேன்சல் பண்ணிடுறேன்'னு சொன்னாங்கக்கா."